ஆக்டிவேட் ஆயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்துக் கம்ப்யூட்டர் ஓடும் ஓர் ஆடிட்டர் ஆபீஸையோ அச்சகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், டேலி, எம்.எஸ். ஆபீஸ், ஆன்ட்டிவைரஸ், போட்டோஷாப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசென்ஸ். வாங்கிய பில் ஒரு ஃபைலில், கீ எழுதிய சீட்டு ஏதோ ஒரு டிராயரில், பாஸ்வேர்டு சர்வீஸுக்கு வரும் தம்பியின் போனில். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் எதுவும் உறுத்தாது. ஒரு மெஷின் படுத்து, அதில் இருந்ததை வேறொன்றுக்கு மாற்ற வேண்டிய நாளில்தான் வருடக்கணக்காக நம்பிவந்த சங்கதிகள் கைகொடுக்காமல் போகின்றன. அவற்றில் அடிக்கடி காதில் விழுபவை இவை.

“காசு கொடுத்து வாங்கியாச்சு, கீ நம்ம கையில. எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

லைசென்ஸ், கீ, ஆக்டிவேஷன் மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வரும் வினை இது. லைசென்ஸ் என்பது இன்னாருக்கு, இத்தனை மெஷினுக்கு, இன்ன வேலைக்கு என்று கம்பெனி கொடுக்கும் அனுமதி. கீ அந்த அனுமதியைக் குறிக்கும் எண், அவ்வளவுதான். அந்த எண் எத்தனை மெஷினில் ஏறியிருக்கிறது என்று சர்வர் வைத்திருக்கும் கணக்குதான் ஆக்டிவேஷன். 2001-இல் ஆபீஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் எக்ஸ்பியும் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்வரை பரவியது. அதற்கு முன்பு ஒரே சி.டி.யும் அதன் உறையில் பேனாவால் எழுதிய 25 எழுத்தும் தெரு முழுக்கச் சுற்றிவரும். ‘எத்தனை மெஷின்ல வேணும்னாலும்’ என்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

எத்தனை மெஷின் என்பதற்கு எல்லா மென்பொருளுக்கும் பொதுவான பதில் கிடையாது. விண்டோஸ் லைசென்ஸ் ஒன்று என்றால் மெஷினும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 365 மெஷினைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது: 2018 அக்டோபர் முதல், வீட்டு உபயோகத் திட்டங்களில் ஒருவர் எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம், ஒரே சமயத்தில் ஐந்தில் சைன்-இன் ஆகி இருக்கலாம். டேலியில் சில்வர் என்றால் ஒரு கம்ப்யூட்டர். கோல்டு என்றால் ஒரே லேன் இணைப்பில் எத்தனை பேர் வேண்டுமானாலும். ‘கோல்டு வாங்கியாச்சே’ என்று பக்கத்து ஊர் கிளையிலும் அதையே ஏற்றப் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கோல்டு தருவது ஓர் இடத்துக்குள் உள்ள ஆட்களுக்கான விரிவு. இன்னொரு ஊர் அதில் சேராது.

அடோபியின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. கிரியேட்டிவ் கிளவுட் தனிநபர் சந்தாவை இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். இதைக் கேட்டதும் அச்சகத்து முதலாளி ‘ஒரு சந்தா, ரெண்டு டிசைனர்’ என்று கூட்டிக் கழித்துவிடுவார். அந்த இரண்டு மெஷினும் ஒரே ஆளுக்கு, அதாவது ஆபீஸில் ஒன்று வீட்டில் ஒன்று என்பதற்காகக் கொடுத்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் வேலை பார்க்க அனுமதி இல்லை. மூன்றாவதாக ஒரு மெஷினில் சைன்-இன் செய்தால் ஏற்கெனவே உள்ள ஒன்றை வெளியேற்றச் சொல்லும். கல்யாண சீசனில் மூன்று டிசைனர்கள் ஒருவரையொருவர் இப்படி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அச்சகங்களைப் பார்க்கலாம். ஒரு பிளெக்ஸ் முடிவதற்குள் இரண்டு சண்டை.

“ஆக்டிவேட் ஆயிடுச்சுன்னா ஒரிஜினல்தான்.”

ஆகாது. ஆக்டிவேட் ஆனது என்றால் அந்த நேரத்தில் சர்வர் அந்தக் கீயை மறுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் புரோ கீ விற்கிறார்களே, அவற்றில் பலவும் நிஜக் கீகள்தான். நிஜமாகவே ஆக்டிவேட்டும் ஆகும். ஆனால் அவை ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ தன் சொந்த மெஷின்களுக்காக மொத்தமாகப் பெற்ற வால்யூம் லைசென்ஸிலிருந்து கசிந்தவையாக இருக்கும். அல்லது உடைத்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்தவை. அந்தக் கீயில் உங்களுக்கு ஓர் உரிமையும் இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை முடக்கினால் விற்றவர் ‘இன்னொன்னு தர்றேன் சார்’ என்பார். அந்த இன்னொன்றும் அதே சரக்கு.

வால்யூம் கீகளில் இரண்டு வகை உண்டு. எம்.ஏ.கே. என்பது எண்ணிக்கை வைத்த கீ. ஆக்டிவேட் செய்யச் செய்ய எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஒரே மெஷினை இரண்டு முறை ஃபார்மெட் செய்து ஏற்றினால் இரண்டு எண்ணிக்கையும் போகலாம், தானாகத் திரும்பி வராது. கே.எம்.எஸ். என்பது வேறு ஏற்பாடு. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர் உட்கார்ந்துகொண்டு மற்ற மெஷின்களை 180 நாளுக்கு ஆக்டிவேட் செய்யும். ஒவ்வொரு மெஷினும் 7 நாளுக்கு ஒருமுறை அதனிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். குறைந்தது 25 மெஷினாவது கேட்டு வந்திருந்தால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யவே தொடங்கும். கல்லூரி லேபில் ஒரு மெஷினைத் தயார்செய்து மற்ற ஐம்பதுக்கும் அப்படியே குளோன் எடுத்துப் போட்டுவிட்டு ‘எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கிறதே’ என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். குளோன் எடுப்பதற்கு முன் சிஸ்பிரெப் ஓட்டி அடையாளத்தை அழிக்காததால், ஐம்பதும் ஒரே அடையாளத்தோடு போய் நிற்கும். சர்வர் கண்ணுக்கு அது ஒரே மெஷின்தான்.

கே.எம்.எஸ்.ஸுக்கான கீகளை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே எல்லோரும் பார்க்க வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்து ‘மைக்ரோசாஃப்டே ஃப்ரீயா கொடுக்குது’ என்று ஃபார்வேர்டு செய்பவர்கள் உண்டு. பின்னால் உண்மையான கே.எம்.எஸ். சர்வர் இல்லாவிட்டால் அந்தக் கீயை உள்ளிட முடியுமே தவிர, ஆக்டிவேட் ஆகாது. அந்த இடத்தை நிரப்பத்தான் போலி சர்வராக நடிக்கும் கிராக்குகள் புழங்குகின்றன. அவை பெரும்பாலும் ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான் வேலையையே ஆரம்பிக்கும். அப்புறம் உள்ளே எது வந்தது என்று யாருக்குத் தெரியும்? கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் சுற்றும் ஒரு நிறுவிக்குள் பாஸ்வேர்டு திருடும் கிரிப்ட்பாட் ஒளிந்திருந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் எடுத்துக்காட்டியது. ஆபீஸின் பேங்க் லாகினும் ஜி.எஸ்.டி. லாகினும் இருக்கும் மெஷினில் இதை ஏற்றுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மெஷினின் சங்கதி என்ன என்று பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு எக்ஸ், பி, ஆர் அடியுங்கள். ஒரு சின்னக் கட்டம் வரும். நிரந்தர ஆக்டிவேஷன் என்று சொல்லும், அல்லது இன்ன தேதியில் முடிகிறது என்று ஒரு தேதி காட்டும். எக்ஸ், பி, ஆருக்குப் பதில் டி, எல், ஐ அடித்தால் ரீட்டெயிலா (தனியாக வாங்கியது), ஓ.இ.எம்.மா (மெஷினோடு வந்தது), வால்யூமா என்பதும் தெரிந்துவிடும். தனிப்பட்ட முறையில் வாங்கிய மெஷினில் தேதி வந்தாலோ வால்யூம் என்று வந்தாலோ, யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். நிரந்தரம் என்று வந்தாலும் அது பில்லுக்கு ஈடாகாது. அந்த வரியையும் வரவழைக்கும் கிராக்குகள் உண்டு.

“ஃபார்மெட் அடிச்சா விண்டோஸ் லைசென்ஸ் போயிடும்.”

பிராண்டட் லேப்டாப் வைத்திருப்பவர்களை இப்படிச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் கீ மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே பதிந்து வருகிறது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரும், தேய்ந்துபோன எழுத்தை டார்ச் அடித்துப் படித்த காலமும் போய்விட்டன. ஹார்டு டிஸ்க்கையே கழற்றிவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. போட்டு ஏற்றினாலும், இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் தானே அந்தக் கீயைப் படித்துக்கொள்ளும். ரேம் கூட்டினாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால்தான் வேறு மெஷின் என்று பார்க்கும்.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி நடக்கிறது. இங்கே விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. ஃபர்ம்வேரில் உள்ள கீ அந்தப் பதிப்புக்கு மட்டுமே செல்லும். ‘லேப்டாப் ஸ்லோவா இருக்கு’ என்று கடையில் கொடுக்கிறோம். அங்கே எல்லோருக்கும் போடுகிற பென்டிரைவிலிருந்து புரோ பதிப்பை ஏற்றிவிடுவார்கள். ஹோம் கீ புரோவைத் திறக்காது. உடனே கிராக் போட்டு ‘ஆக்டிவேட்’ செய்து கையில் கொடுப்பார்கள். லேப்டாப் விலையோடு சேர்த்து நியாயமாகக் காசு கொடுத்த லைசென்ஸ் மதர்போர்டில் சும்மா கிடக்க, மேலே திருட்டு விண்டோஸ் ஓடும். உரிமையாளருக்கு இது தெரியவே தெரியாது. வந்த பதிப்பையே திரும்ப ஏற்றச் சொன்னால் பைசா செலவில்லாமல் சரியாகிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் கம்பெனி லேப்டாப்களுக்கும் இது பொருந்தும். கம்பெனி அதில் தன் வால்யூம் விண்டோஸை ஏற்றி ஓட்டியிருக்கும், அந்த உரிமை நமக்கு வராது. ஆனால் மெஷின் தயாரானபோது பதித்த புரோ கீ பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். புரோ பதிப்பைப் புதிதாக ஏற்றினாலே போதும்.

“கீ ஃபைண்டர் போட்டு எல்லாக் கீயையும் எழுதி வெச்சுட்டேன்.”

எழுதி வைத்ததில் விண்டோஸ் கீ 3வி66டி என்றோ 8எச்விஎக்ஸ்7 என்றோ முடிகிறதா? அப்படியானால் அந்தக் காகிதத்தை மடித்துக் கடலை போட்டுக்கொள்ளலாம். அவை டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் புரோ, ஹோம் மெஷின்களில் விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் பொதுக் கீகள். உலகமெங்கும் கணக்கில்லாத கம்ப்யூட்டர்களில் அதே எழுத்துகள்தான் இருக்கும். உங்கள் உரிமை இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில், உங்கள் ஹார்டுவேரின் அடையாளத்தோடு.

“அன்இன்ஸ்டால் பண்ணிட்டா லைசென்ஸ் தானா திரும்பி வந்துடும்.”

கேஸ் கனெக்‌ஷனை வேறு ஊருக்கு மாற்றுகிறவர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, சீட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்படுவார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் கனெக்‌ஷன் பின்னாலேயே வராது. டேலியிலும் அப்படித்தான். பழைய மெஷினில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். ஒன்பது இலக்க சீரியல் நம்பர் கையில் இருப்பது மட்டும் போதாது.

சரண்டர் செய்யாமல் மாற்றினால் என்ன நடக்கும் என்று பெரும்பாலும் மாதத்தின் 20-ஆம் தேதி வாக்கில்தான் தெரியவரும். அன்றுதான் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். பழைய மெஷின் திணறுகிறது என்று முந்தின நாள் புது மெஷினில் டேலியை ஏற்றியிருப்பார்கள். பழையதை ஃபார்மெட் அடித்து ரிசப்ஷனுக்கும் கொடுத்தாயிற்று. டேலி எஜுகேஷனல் மோடில் திறக்கும். அந்த மோடில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். அதே மெஷினை ஃபார்மெட் செய்திருந்தால் ரீஆக்டிவேட் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம். இங்கே மெஷினே வேறு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

விண்டோஸில் சரண்டர் என்ற ஏற்பாடே கிடையாது. கீயை நீக்கும் கமாண்ட் ஒன்று உண்டு, ஆனால் அது அந்த மெஷினிலிருந்து கீயை எடுக்குமே ஒழிய மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் எதுவும் சொல்லாது. ரீட்டெயில் லைசென்ஸ் என்றால் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். லேப்டாப்போடு வந்த ஓ.இ.எம். அந்த மெஷினோடு பிறந்து அதோடு போவது. பெயர்த்து நட முடியாது.

“எந்த மெயில் ஐ.டி. போட்டா என்ன, ஆக்டிவேட் ஆனா சரி.”

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான நம்பிக்கை. கீ தொலைந்தால் தேடலாம், மெஷின் போனால் வேறு வாங்கலாம். மெயில் ஐ.டி. யாருடையது என்று தெரியாமல் போனால் தொங்கல்தான்.

கடையில் புது லேப்டாப்பைத் திறந்து செட்டப் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். வாங்க வந்தவர் ‘பாஸ்வேர்டு ஞாபகம் இல்லையே தம்பி, நீங்களே ஏதாவது போடுங்க’ என்பார். தம்பி தன் மெயிலைப் போடுவார், அல்லது லேப்டாப் மாடல் பெயரில் அங்கேயே ஒரு மெயிலை உருவாக்குவார். லேப்டாப்போடு வந்த எம்.எஸ். ஆபீஸ் அந்த அக்கவுண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். 2013 பதிப்பு முதல் கடையில் வாங்கும் ஆபீஸில் அட்டையில் உள்ள 25 எழுத்துக் கீ ஒருமுறை அக்கவுண்டில் சேர்ப்பதற்கு மட்டும்தான். சேர்த்த பிறகு அந்த அக்கவுண்டுதான் லைசென்ஸ். வருடம் கழித்து ஃபார்மெட் செய்யும்போது அந்தத் தம்பி துபாயில் இருப்பார்.

ஆபீஸ்களில் நடப்பது இதைவிட மோசம். டேலி லைசென்ஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் மெயில் என்று ஒன்று கேட்கும். ஆக்டிவேஷன் சம்பந்தப்பட்டவை எல்லாம் அங்கேதான் போகும். அன்றைக்கு அக்கவுண்ட்ஸ் பார்த்த பெண்ணின் சொந்த ஜிமெயிலைக் கொடுத்திருப்பார்கள். அவர் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு, ‘அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கா பாருங்களேன்’ என்று மதியச் சமையல் நேரத்தில் போன் போகும். நல்ல மனுஷி, எடுத்துச் சொல்வார். சம்பளப் பாக்கியோடு வெளியேறியவரிடம் அப்படிக் கேட்க முடியுமா?

ஆகவே லைசென்ஸ்களுக்கென்று நிறுவனத்தின் பெயரில் ஒரே ஒரு மெயில் ஐ.டி. வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரெக்கவரி நம்பராக முதலாளியின் சொந்த நம்பரைக் கொடுங்கள். எல்லா லைசென்ஸும் அந்த ஐ.டி.க்கே. கூடவே ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள்: என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த மெஷின் (மேசையின் பெயர் வேண்டாம், சேஸிஸில் உள்ள சீரியல் நம்பர்), எந்த மெயில், எப்போது காலாவதி, பில் நம்பர். ‘சுந்தரி சிஸ்டம்’ என்று எழுதி வைத்தால் சுந்தரி மேசை மாறிய அன்றே அந்த வரி பொய்யாகிவிடும். பாஸ்வேர்டை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

பில் நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணோடும் இருப்பது அவசியம். சொந்தமாக வாங்கிய மென்பொருளுக்கும் கம்ப்யூட்டரைப் போலவே வருமான வரிக் கணக்கில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு என்பதால் ஆடிட்டர் எப்படியும் அதைக் கேட்பார். உரிமை உங்களுடையது என்று நாளைக்கு யாரிடமாவது நிரூபிக்க வேண்டி வந்தால் எடுத்து நீட்டவும் அந்தக் காகிதம்தான்.

“வருஷம் முடிஞ்சா சாஃப்ட்வேர் நின்னுடும்.”

எது முடிந்தது என்பதைப் பொறுத்தது. டேலியை நிரந்தர லைசென்ஸாக வாங்கியவர் டி.எஸ்.எஸ். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதுப் பதிப்புகள் கிடைக்காது, கையில் உள்ள பதிப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாடகை லைசென்ஸ் என்றால் நின்றுவிடும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்ததும் ‘விண்டோஸ் லாக் ஆகிவிடும்’ என்று செய்தி பரவியது. ஆக்டிவேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நின்றது பாதுகாப்பு அப்டேட், அதுவும் விண்ணப்பித்துப் பெறும் நீட்டிப்பில் சேராதவர்களுக்கு மட்டும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: ‘ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும்.’ லைசென்ஸ் ஆயுசுக்கும் இருக்கலாம், ஆக்டிவேஷன் சர்வர் இருக்க வேண்டுமே? அடோபி தன் சி.எஸ்.2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்கள் தவித்துப் போகக்கூடாது என்று ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பையும் அதற்கான சீரியல் நம்பர்களையும் தன் தளத்திலேயே வைத்தது. 2013 ஜனவரியில் இது வெளியே தெரிந்ததும் ‘போட்டோஷாப் இலவசம்’ என்று உலகமே இறக்கித் தள்ளியது. வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று அடோபி விளக்கம் சொல்வதற்குள் பாதி உலகம் இன்ஸ்டாலும் செய்து முடித்திருந்தது. சீரியல் நம்பரும் நிஜம், கொடுத்ததும் அடோபியே. ஆனாலும் வாங்காதவர்களுக்கு லைசென்ஸ் இல்லை.

“சின்ன ஆபீஸ்தானே, யார் வந்து பார்க்கப்போறா?”

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த 63பி பிரிவு சின்ன ஆபீஸ், பெரிய ஆபீஸ் என்று பிரிக்கவில்லை. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆபீஸ் மெஷினுக்கு அந்தச் சலுகை கேட்க வழியில்லை. முறையாக வாங்கிய மென்பொருளை பேக்கப்புக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ள அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதையும் திருட்டு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“பழைய மெஷினை விக்கும்போது ஃபார்மெட் அடிச்சுட்டா போதும்.”

ஃபார்மெட் கடைசியில்தான். அதற்கு முன்னால் டேலியை சரண்டர் செய்ய வேண்டும், அடோபியில் சைன்-அவுட் ஆக வேண்டும், ஆன்ட்டிவைரஸில் டீஆக்டிவேட் வசதி இருந்தால் அதையும் செய்ய வேண்டும். விண்டோஸ் ரீட்டெயில் என்றால் கீயை நீக்கிவிட்டுக் கொடுங்கள். ஓ.இ.எம். என்றால் அப்படியே விடுங்கள், அது வாங்குகிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய உரிமை. மெஷின் ஆன் ஆகாமலே போய்விட்டால் மைக்ரோசாஃப்ட் 365-ஐயும் அடோபியையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து அக்கவுண்ட் பக்கத்தில் நுழைந்து வெளியேற்றலாம். டேலிக்கு சீரியல் நம்பரோடும், பதிவு செய்த அந்த மெயிலைத் திறக்கக்கூடிய ஆளோடும் உட்கார்ந்துகொண்டு கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டும்.